உப்பலில் ஒரு நாற்காலி

அந்த வருஷங்களில் ஹைதராபாத்தில் ஒரு பையனையோ பெண்ணையோ நிறுத்தி, நீ எந்த இன்ஜினியரிங் படிக்கிறாய் என்று கேட்பது வீண் வேலை. சிவில் படித்தவனும், கெமிக்கல் படித்தவளும், உலோகவியல் என்று பெயரைச் சொல்லவே வாய் வலிக்கிற படிப்பைப் படித்தவனும் கடைசியில் மாதாப்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு உட்காரத்தான் போனார்கள். நாலு வருஷம் பாலம் கட்டப் படித்துவிட்டு ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல் வேலையில் சேர்ந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு அதில் வருத்தமும் கிடையாது. ஏன் இருக்க வேண்டும்? கை நிறையச் சம்பளம், வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிப்போகும் வண்டி, கல்யாணச் சந்தையில் தனி மரியாதை. இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்கிறவரை ஊர் ஒரு தினுசாகத்தான் பார்க்கும்.

லாலாகுடா ரயில்வே காலனி சுமலதாவை அப்படித்தான் பார்த்தது. மெக்கானிக்கல் படிக்கிறேன், மெக்கானிக்கல் வேலைக்குத்தான் போவேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அதிலும் ஏதோ ஒரு வேலை இல்லை. மோல்டு டிசைன் வேலை. பிளாஸ்டிக் சாமான்களை வார்த்தெடுக்கிற இரும்பு அச்சு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை. கேட்டவர்களுக்கு அது பாதி புரியும், பாதி புரியாது. புரிந்த பாதியில் சம்பளம் குறைச்சல் என்பது கட்டாயம் இருக்கும்.

இந்த ஆசை அவளுக்கு வானத்திலிருந்து குதிக்கவில்லை. அவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா நாகம்மா காலனிக் குழாயில் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்து வருவாள். குடத்தின் கழுத்தில் ஓர் இடத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. தூக்கும்போதெல்லாம் அது நாகம்மாவின் மணிக்கட்டைக் கீறும். சுமலதா அப்பாவின் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து அதைத் தேய்த்துச் சரி செய்தாள். கொஞ்ச நாளில் அந்தக் குடம் ஓட்டையாகி வேறு குடம் வந்தது. வேறு நிறம், அதே இடத்தில் அதே பிசிறு. அவளுக்கு என்னவோ போல இருந்தது. மெட்டுகுடாவில் பிளாஸ்டிக் சாமான் கடைக்குப் போய், கயிற்றில் தொங்கிய குடங்களின் கழுத்தையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள். பச்சை, சிவப்பு, நீலம், எல்லாவற்றிலும் பிசிறு அதே இடத்தில் இருந்தது. கடைக்காரர், "கொனேதி உந்தா லேதா?" என்று தெலுங்கில் எரிந்து விழுந்தார். வாங்குகிற மாதிரி இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாள். அய்யாக்கண்ணு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கொடத்துல ஒண்ணுமில்ல, அச்சுலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அவரைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது. அவளைப் பொறுத்தவரை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கேயோ ஒரு ஆள் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அச்சை அரைகுறையாக விட்டிருக்கிறான். அதற்கு ஊரில் எத்தனை பொம்பளைகளின் மணிக்கட்டு கீறிக்கொண்டிருக்கிறது! அந்த ஆளைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று முதலில் தோன்றியது. பிறகு, அந்த ஆளின் இடத்தில் நாமே உட்கார்ந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தன்னால் அதை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதில் அவளுக்கு அந்த வயதிலேயே கொஞ்சமும் சந்தேகம் இல்லை. சந்தேகப்படுகிற ஜாதியே இல்லை அவள்.

கட்கேசர் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். படிப்பெல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசி வருஷம், இரண்டாயிரத்து ஆறில், கம்பெனிகள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வர ஆரம்பித்தபோதுதான் சிக்கல் வந்தது.

கல்லூரியில் வேலைவாய்ப்பு அதிகாரியாக இருந்தவர் சம்பந்தம். ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், போலாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். தஞ்சாவூர்க்காரர். முப்பது வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டதால் கல்லூரியையும் ஒரு பட்டாலியன் மாதிரிதான் நடத்தினார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: ஓர் ஆளுக்கு ஒரு வேலை. ஒரு கம்பெனி உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதோடு நீ வரிசையிலிருந்து விலகிவிட வேண்டும், அடுத்த கம்பெனி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. நியாயமான சட்டம்தான். ஆனால் முதலில் வருகிறவர்கள் எப்போதும் சாப்ட்வேர்க்காரர்கள். அவர்கள் வந்தால் மெக்கானிக்கலா, சிவிலா என்று பார்க்க மாட்டார்கள், வலையை வீசி அள்ளிக்கொண்டு போவார்கள். மோல்டு கம்பெனி மாதிரி சின்னவர்கள் வருவதற்குள் வரிசையில் மிச்சம் இருப்பது சாப்ட்வேர் பரீட்சையில் தேறாதவர்கள் மட்டும்தான்.

இது சுமலதாவுக்குத் தெரியும். அதனால் சாப்ட்வேர் பரீட்சைக்கு உட்காரப் போவதில்லை என்று வீட்டில் சொன்னாள்.

"கைக்கு?" என்றார் அய்யாக்கண்ணு, ஏன் என்ற அர்த்தத்தில். மூன்று தலைமுறைக்கு முன்னால் ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து ரயில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் அது. வீட்டில் வட ஆற்காட்டுத் தமிழ் பேசினாலும், வம்புக்கு இழுக்கும்போது மட்டும் அவருக்கு உருது வரும்.

"எனக்கு அந்த வேல நக்கோ நைனா" என்று அவளும் உருதுவிலேயே வேண்டாம் என்றாள்.

நாகம்மா இடையில் புகுந்தாள். "சும்மா போயி எழுதிட்டுத்தான் வாயேண்டி. எழுதுனா கை இன்னா தேஞ்சா பூடும்? எல்லாரு பொண்ணும் எழுதிகினு கீது. நீ மட்டும் எழுதலன்னா எனக்கு நாலு பேர் முன்னாடி இன்னா சொல்றதுன்னு தெரியல."

சரி, அம்மாவின் திருப்திக்குப் போய் உட்காருவோம், தப்புத் தப்பாக எழுதிவிட்டு வருவோம் என்று சுமலதா முடிவு செய்தாள். பரீட்சையில் தேறத்தானே கஷ்டம், தோற்பதற்கு என்ன கஷ்டம் என்று நினைத்தாள். அவளுடைய பெரிய தப்பு அதுதான்.

முதல் கேள்வியே ரயில் கணக்கு. இத்தனை மீட்டர் நீளமுள்ள ரயில், இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், இத்தனை நீளமுள்ள பிளாட்பாரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? கீழே நாலு விடைகள். சரியான விடை இருபது விநாடி என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தப்பான விடையைக் குறிக்கப் பேனாவைக் கொண்டுபோனாள், கை நகரவில்லை. ரயில்வே காலனியில் பிறந்து, பால்குடி வயதிலிருந்து ரயில் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள், ரயில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு எப்படி எழுந்து வருவது? மானம் என்று ஒன்று இருக்கிறதே! இது ஒன்றை மட்டும் சரியாகப் போட்டுவிடுவோம், அடுத்ததிலிருந்து தப்பாகப் போடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்தது தண்ணீர்த் தொட்டிக் கணக்கு. அதையும் விட மனசு வரவில்லை. மணி அடித்தபோது தாள் முழுக்கச் சரியான விடைகளாக இருந்தது.

நேர்முகத் தேர்விலாவது கவிழ்ந்துவிடலாம் என்று பார்த்தாள். சாப்ட்வேருக்கு ஏன் வர ஆசைப்படுகிறாய் என்று கேட்டார்கள். அமீர்பேட்டையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொடுக்கவே தனி வகுப்புகள் நடந்தன. சவால்கள் பிடிக்கும், குழுவாக வேலை செய்யப் பிடிக்கும், புதியதைக் கற்கப் பிடிக்கும் என்று அன்று காலையிலிருந்து எல்லோரும் ஒரே பாட்டைப் பாடியிருந்தார்கள். சுமலதா உண்மையைச் சொன்னாள். எனக்கு சாப்ட்வேர் பிடிக்காது, மோல்டு செய்யத்தான் ஆசை, அம்மா சொன்னதால் வந்தேன் என்றாள். எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முழுக்க அவர்கள் கேட்ட பேச்சில் மனப்பாடம் இல்லாத பேச்சு இது ஒன்றுதான் போலிருக்கிறது. சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் மேலே இருந்தது.

நாகம்மா மைசூர்பாகு வாங்கி லைன் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். பக்கத்து லைன்காரர்கள்கூட வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அய்யாக்கண்ணு ஒர்க்‌ஷாப்பில் தன் ஷிப்டுக்கு மட்டுமில்லாமல் அடுத்த ஷிப்டுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இந்தச் சந்தோஷத்தை எப்படி உடைப்பது என்று தெரியாமல் சுமலதாவும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஜனவரியில் உப்பலிலிருந்து நொய்யல் டூல்ஸ் என்ற கம்பெனி வருகிறது என்று பலகையில் ஒட்டினார்கள். மோல்டு கம்பெனி. டிசைனுக்கு ஓர் ஆள் தேவை. சுமலதா நேராகச் சம்பந்தத்தின் அறைக்குப் போனாள்.

"சார், நான் அந்த சாப்ட்வேர் வேலைய விட்டுர்றேன். இதுக்கு உக்காரலாமா?"

"நோ."

"சார்..."

"இதோ பாரும்மா. நீ விட்டுட்டேன்னு வை, அந்தக் கம்பெனிக்காரன் அடுத்த வருஷம் நம்ம காலேஜுக்கு வருவானா? உனக்குப் பின்னாடி வர்ற பசங்கள நெனச்சுப் பாத்தியா? உன் கிளாஸ்லயே இன்னும் பதினாலு பேர் வேலை இல்லாம நிக்கிறான். இது அவனுங்களுக்கு வந்தது. நீ சாப்பிட்டாச்சு, எந்திரி. அடுத்த பந்தி உக்காரட்டும்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை.

நொய்யல் டூல்ஸ்காரர்கள் வந்து, வகுப்பில் அவள் பெஞ்சுக்குப் பின்னால் உட்காரும் சுதர்சனை எடுத்துக்கொண்டு போனார்கள். வங்கி அதிகாரி மகன், நல்ல பையன், மதுரைக்காரன். எதை வார்க்கிறார்கள், எதில் வார்க்கிறார்கள் என்று அவனுக்கு அக்கறையே கிடையாது. "என்னைய மூணு சாப்ட்வேர்லயும் தூக்கி வெளிய போட்டாய்ங்க சுமா. இப்போதைக்கு இதுல ஒக்காந்துக்கிருவோம். சாயங்காலம் அமீர்பேட்டைல ஜாவா படிச்சு அடுத்த வருசம் ஓடிருவேன்" என்றான். தனக்கு வேண்டியது அவன் கையிலும், அவனுக்கு வேண்டியது தன் கையிலும் இருப்பதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாற்றிக்கொள்ள வழியில்லை என்று நினைத்தால் சிரிப்பு நின்றுவிட்டது.

கல்லூரிக்குள்தானே சம்பந்தத்தின் சட்டம்? ஒரு சனிக்கிழமை உப்பலுக்குப் பஸ் ஏறி நொய்யல் டூல்ஸ் கேட்டில் போய் நின்றாள். வாட்ச்மேனிடம், ஓனரைப் பார்க்க வேண்டும், தமிழ்ப் பெண் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள் என்றாள். ஓனர் ஜெயச்சந்திரன் கோயம்புத்தூர்க்காரர் என்பதைச் சுதர்சனிடம் விசாரித்து வைத்திருந்தாள். அந்தத் தந்திரம் பலித்தது.

அவர் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச் பெட்டி மூடி கிடந்தது. அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும் அதை எடுத்து நீட்டினார்.

"இதுக்கு அச்சு செய்யோணும். ரெண்டு பாதியா எங்கீங் அம்மிணி பிரிப்பீங்க?"

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓர் ஓரத்தைக் காட்டினாள். "இங்க சார். இங்க கோடு விழுந்தா யார் கையிலயும் படாது."

"அங்க பிரிச்சா மூடி அச்சுக்குள்ளயே மாட்டிக்கும். வெளிய வராதுங்க."

சுமலதா இன்னொரு தடவை பார்த்தாள். "உள்பக்கச் சுவர நேரா விடாம லேசா சரிச்சு விட்டா வரும் சார்."

பதில் ஜெயச்சந்திரனுக்குப் பிடித்திருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகுதான் கேட்டார். "சாப்ட்வேர்ல கெடைக்கலீங்களா?"

"கெடச்சிருக்கு சார். எனக்கு வேணாம்."

அவர் மூடியை வாங்கி மேஜையில் வைத்துவிட்டார். "அப்ப ஆகாதுங்க. நான் உங்க காலேஜுக்கு ஏன் வந்தேன்னு நெனைக்கறீங்க? சாப்ட்வேர்ல தேறாத பசங்களா பாத்து எடுக்கத்தான். கெட்டிக்காரங்களா எடுத்து எடுத்து நாலு தடவ ஏமாந்துட்டனுங்க. ஒரு வருசம் கத்துக்குடுப்பேன், கை தேறுன அன்னைக்கு ஹைடெக் சிட்டிக்குப் போயிருவாங்க. நீங்க இப்பவே ஆர்டர வெச்சுட்டு வந்திருக்கறீங்க."

"அத விட்டுட்டு வந்தா?"

"விட்டுப்போட்டு வாங்க, அப்பறம் பேசலாம். ஆனா வேலை தாரேன்னு இப்ப நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

பரீட்சையில் தோற்கத் தெரியாத ஒரே காரணத்துக்காக, கல்லூரியிலும் கதவு சாத்தியாகிவிட்டது, கம்பெனியிலும் சாத்தியாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். சுமலதா அந்த மூடியை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்து, மெட்டுகுடாவில் இறங்க மறந்து செகந்திராபாத் ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டாள். தனக்குத் தெரிந்த வேலை எது என்பது அவளுக்கு அன்றைக்கு நிச்சயமாகிவிட்டது.

ஜூன் மாதம் சாப்ட்வேர் கம்பெனியில் சேரும் தேதி வந்தது. சென்னையில் பயிற்சி. நாகம்மா புதுப் பெட்டி வாங்கி, இரண்டு சுடிதார் தைத்து வைத்திருந்தாள். அப்போதுதான் சுமலதா வாயைத் திறந்தாள். நான் போகப் போவதில்லை, கம்பெனிக்கு எழுதிவிட்டேன் என்றாள்.

நாகம்மா அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஊர்பூரா ஸ்வீட் குடுத்துட்டனேடி! அத இப்ப போயி திருப்பியா வாங்க முடியும்?"

அய்யாக்கண்ணு கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்க நைனா இரும்புல கெடந்தாரு. நான் இரும்புல கெடக்கறேன். நீ குளுகுளுன்னு ஒரு ரூம்புல ஒக்காரணும்னுதானே படிக்க வெச்சேன்? நீயும் வந்து இதுலதான் உழணுமா?"

"நைனா, நீ போற வேலை வேற. இரும்பு எப்படிக் கீதோ அதுக்குத் தக்கன நீ வேலை செய்யற. இரும்பு எப்படி இருக்கணும்னு சொல்ற வேலை நான் கேக்கறது."

"அப்ப நான் இன்னா, வெறும் கூலியா?"

அவள் அப்படிச் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் சொன்னது அப்படித்தான் விழுந்தது. அய்யாக்கண்ணு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் முகம் போன போக்கைச் சுமலதா பார்த்தாள். எதற்கும் கலங்காதவள் அன்றைக்குச் சமையல்கட்டில் போய் நின்றுகொண்டு அழுதாள். அழுதாளே தவிர, முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. சென்னை வண்டி அவள் இல்லாமலே போனது.

ஜூலையில் மறுபடி உப்பலுக்குப் போனாள். ஜெயச்சந்திரன் அவளை எதிர்பார்க்கவே இல்லை.

"நெசமாலுமே விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன் சார். தேதி போயிருச்சு. இனிமே கேட்டாலும் குடுக்க மாட்டாங்க."

அவர் எழுந்து போய் அவளுக்கும் சேர்த்துக் காப்பி சொல்லிவிட்டு வந்தார். குரலே மாறியிருந்தது. "டிசைன் ரூம்ல அஞ்சு நாற்காலி. அஞ்சுலயும் ஆள் இருக்கறாங்க. ஆனாலும் உங்கள விடறதுக்கு மனசில்ல. இன்னொரு நாற்காலி போட்டர்லாம். திங்கக்கெழம வாங்க. வாரப்ப ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் கொண்டாந்து குடுத்துருங்க. பத்தாவதுல இருந்து டிகிரி வரைக்கும்."

"பாத்துட்டுக் குடுத்துருவீங்களா சார்?"

"இல்லீங்க. பீரோவுல இருக்கும். மூணு வருசம் முடிஞ்சதும் தருவேன். ஆளுக ஓடுனதுக்கு அப்பறம் இங்க எல்லாருக்கும் அதுதானுங்க."

அப்போதெல்லாம் அந்தப் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளில் அது சகஜம். ஓடிவிடக் கூடாது என்று சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைப்பார்கள். அது இல்லாமல் வேறு எங்கேயும் வேலைக்குச் சேர முடியாது. சுதர்சனுடையதும் அந்த பீரோவில்தான் இருந்தது. சேர்கிற எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது கொடுத்துவிடுவார்கள். சுமலதா எதற்காக ஒரு வருஷமாக இத்தனை பாடுபட்டாளோ அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"குடுக்க மாட்டேன் சார்" என்றாள்.

"என்ன?"

"நான் மூணு வருஷம் இருப்பேன். அதுக்கு மேலயும் இருப்பேன். ஆனா என் சர்ட்டிபிகேட் உங்க பீரோவுல இருந்தா, நான் எதுக்கு இங்க இருக்கேன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேலை பிடிச்சு இருக்கேனா, பூட்டிட்டீங்கன்னு இருக்கேனா?"

ஜெயச்சந்திரனுக்கு முகம் சிவந்துவிட்டது. எட்டு வருஷமாக நடத்துகிற கம்பெனியில், இன்னும் சேரக்கூட இல்லாத பெண் வந்து நியாயம் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? "அப்ப இது உங்களுக்குச் சரிப்படாதுங்க. காப்பியக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க" என்றார். அவள் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். நாகம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சாப்ட்வேரும் போச்சு, இரும்பும் போச்சு, இனி இந்தக் கழுதையை என்ன செய்வது என்று புலம்பினாள். அய்யாக்கண்ணு ஒரு மாதமாக மகளிடம் அளந்து அளந்துதான் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஒரிஜினல கேட்டானா?"

"ஹவ் நைனா" என்று தலையாட்டினாள்.

"நீ குடுக்கலியே?"

"குடுக்கல."

"குடுக்காத." அவர் குரல் உயர்ந்தது. இருபத்தேழு வருஷம் யூனியனில் இருந்தவர், கொடி பிடித்து கேட்டில் உட்கார்ந்தவர், ஒரு தடவை சஸ்பெண்டும் ஆனவர். "வேலைய விட்டதுக்குத் திட்டுனேன். இன்னமும் திட்டுவேன். ஆனா இதுக்குத் திட்ட மாட்டேன். மன்சன் வேலைக்கு வரான்னா வேல செய்யறதுக்கு வரான், அடமானம் வெக்கவா வரான்? எந்த ஊரு நியாயம் இது?" பிறகு நாகம்மாவைப் பார்த்து, "அவளுக்கு ஒரு தோச ஊத்துடி. மத்தியானத்துலேருந்து பட்டினியா இருப்பா" என்றார்.

அந்தத் தோசையைச் சாப்பிடும்போது சுமலதாவுக்கு ஒரு வேலையும் இல்லை, எங்கே கிடைக்கும் என்றும் தெரியாது. ஆனாலும் எழுந்து நாலு வீடு கேட்கும்படி பாட வேண்டும் போல இருந்தது. சனத்நகரில் இரண்டு கம்பெனி இருக்கிறது, நாளைக்கு அங்கே போய் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். போகவும் போனாள். இரண்டு இடத்திலும் ஆள் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தாள்.

ஜெயச்சந்திரன் என்ன செய்தார் என்பது அவளுக்கு அடுத்த வாரம் போனில்தான் தெரிந்தது. வாட்ச்மேன் நோட்டில் அவள் எழுதிவைத்திருந்த பக்கத்து வீட்டு நம்பருக்குப் பண்ணியிருந்தார். கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போய் எடுத்தாள்.

"அம்மிணி, நீங்க போனதுல இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடலீங்க. எந்நேரமும் நீங்க கேட்டதுதான் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. வெள்ளிக்கெழம பசங்க அஞ்சு பேரையும் கூப்பிட்டு, சர்ட்டிபிகேட்டத் திருப்பிக் குடுத்தா இருப்பீங்களாடான்னு கேட்டேன். எல்லாரும் இருப்போமுங்கன்னாங்க. பீரோவத் தொறந்து அவங்கவங்க கையில குடுத்துட்டேன்."

"அப்புறம் சார்?"

"திங்கக்கெழம நாலு பேர் வந்தாங்க. உங்க சுதர்சன் வரல. அவன் நாற்காலி காலியாத்தானுங்க கெடக்குது."

சுமலதாவுக்கு உறைத்தது. தன் பேச்சைக் கேட்டுத்தான் அவர் பீரோவைத் திறந்தார், திறந்ததால்தான் ஓர் ஆள் போனான். "என் மேல கோபமா சார்?" என்றாள்.

"என்னத்துக்குக் கோபம்?" என்றார் ஜெயச்சந்திரன். "அஞ்சு பேர் இருக்கறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். நாலு பேர்தான் இருந்திருக்கறாங்க. ஆனா அந்த நாலு பேரு இருக்கறாங்கன்னு எனக்கு இப்பத்தான் அம்மிணி தெரியுது."

போனில் அவருக்குப் பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"எத்தன மணிக்கு வரணும் சார்?" என்றாள் சுமலதா.